முதுகில் விழவேண்டிய தண்ணீர்

பூனாகலையிலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தோம். முன்னால் குணதாச பாஸ், பின்னால் சாமான் பையைத் தூக்கிக்கொண்டு நான். தூறல் போட்டது. குடை ஒன்றுதான், அது பாஸின் கையில் இருந்தது. பாஸ் கோபமாக இருந்தால் குடையைத் தன் தலைக்கு மட்டும் பிடிப்பார். சந்தோஷமாக இருந்தாலும் அப்படித்தான் பிடிப்பார். அதனால் குடையைப் பார்த்து அவர் மனதைக் கண்டுபிடிக்க முடியாது. நடையைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அன்றைக்குத் தேயிலைச் செடிகள் தனக்கு வழிவிடவில்லை என்பதுபோல் நடந்தார்.

எங்களுக்குப் பின்னால், மேலே, ஒரு வீட்டில் ஷவர் ஒன்று வேகமில்லாமல் ஒழுகிக்கொண்டிருந்தது. அதற்கு எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கையில் வேலை தெரிந்தவர்களை எங்கள் பக்கத்தில் எல்லோரும் பாஸ் என்பார்கள். மேசன் பாஸ், தச்சு பாஸ். குணதாச, பைப் பாஸ். ஒரு பைப்பிடம் தோற்று அவர் இறங்கி வந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

இப்போது இதை எழுத வேண்டி வந்ததற்குக் காரணம் பண்டாரவளையில் ஒரு ஹார்ட்வெயார் கடை. முழங்கால் மக்கர் பண்ணத் தொடங்கியதும் நான் வேலையை விட்டுவிட்டேன். ஆனால் டவுனுக்குப் போனால் கால் தானாகவே அந்தக் கடைக்குப் போய்விடும். அங்கே வேலை செய்யும் இளவட்டங்களிடம் யாராவது வந்து, ஷவரில் தண்ணீர் வேகம் இல்லை என்று சொன்னால் போதும், பம்ப் ஒன்றைத் தூக்கி மேசையில் வைத்துவிடுவார்கள். போன மாதம் அவர்களில் ஒருவர் என்னைக் கேட்டார்:

“அங்கிள், இந்த பம்ப் எல்லாம் இல்லாத காலத்துல நீங்க என்னதான் செஞ்சீங்க?”

“குளிச்சோம்” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் கேலிக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே குளித்தோம். சரியாகச் சொன்னால், பாஸ் குளித்தார்.

நான் இந்த வேலைக்கு வந்த கதை பெரிதில்லை. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. நானும் அதை விட்டேன். அப்பா இல்லை, அம்மா தேயிலைக் கொழுந்து பறித்தார், வீட்டில் சாப்பாடு ஆட்களுக்கு ஏற்ற அளவில் இல்லை, அவ்வளவுதான். பண்டாரவளையில் ஒரு பேக்கரியில் மாவு பிசைந்தேன். கொழும்பில் ஒரு பலசரக்குக் கடையில் மூட்டை தூக்கினேன், அங்கேயே மூட்டைகளுக்கு நடுவில் படுத்தேன். திருகோணமலையில் கட்டடம் கட்டும் இடத்தில் மண் சுமந்தேன். வெலிமடையில் கிழங்குத் தோட்டம். எந்த வேலையிலும் ஒரு நத்தார்ப் பண்டிகையிலிருந்து அடுத்த நத்தார் வரை நின்றதில்லை. யாரும் என்னைத் துரத்தவில்லை. ஒரு நாள் காலையில் எழுந்தால் போகவேண்டும்போல் இருக்கும், போய்விடுவேன்.

அப்படிப் போய்க்கொண்டிருந்த ஒரு நாளில் அப்புத்தளை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒருவர் நீளமான பைப் ஒன்றைத் தனியாகத் தூக்க முடியாமல் நின்றார். மறுமுனையைப் பிடித்தேன். இறக்கி வைத்ததும், “நாளைக்கும் வா மல்லி” என்றார். சிங்களத்தில் தம்பியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். மறுநாளும் போனேன். நூல் சுற்றுவது, மரை வெட்டுவது, பசை பூசியதும் எண்ணிக்கொண்டே பிடித்திருப்பது எல்லாம் சில மாதங்களில் கைக்கு வந்துவிட்டது. அது பெரிய வித்தை ஒன்றுமில்லை. வித்தை பாஸின் குளியலில்தான் இருந்தது.

எந்த வீட்டுக்குப் போனாலும் சாமான் பைக்குள்ளிருந்து முதலில் வெளியே வருவது ஸ்பேனர் அல்ல. இடுப்பில் கட்டும் ஒரு சாரமும் துண்டும் சோப்புக் கட்டியும். வீட்டுக்காரர் ஷவரைக் காட்டுவார். பாஸ், சரி என்பதற்கு “ஹரி” என்று தலையாட்டிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர்ச் சத்தம் கேட்கும். வீட்டுக்காரர் என்னைப் பார்ப்பார். நான் கூரையைப் பார்ப்பேன். வேலை பார்க்கக் கூப்பிட்ட ஆள் வந்ததும் வராததுமாகக் குளிப்பதைப் பார்த்துப் விழித்த முகங்கள் எத்தனையோ. “இவருக்கு வீட்டுல தண்ணி இல்லையா?” என்று ஒரு அம்மா என்னிடம் இரக்கத்தோடு விசாரித்தார்.

வெளியே வரும்போது பாஸுக்கு நோய் தெரிந்திருக்கும். திறந்ததும் வேகமாக வந்து பிறகு இளைத்துப்போனால், வழியில் எங்கோ ஒரு வால்வு பாதி மூடியிருக்கிறது. விக்கி விக்கி வந்தால், பைப்பின் மேடான இடத்தில் காற்று உட்கார்ந்திருக்கிறது. நேரே விழாமல் பக்கவாட்டில் ஊசி ஊசியாகத் தெறித்தால், ஷவரின் முகத்தில் துளைகள் அடைத்திருக்கின்றன; கழற்றி வினாகிரியில் ஊறவைத்து ஊசியால் குத்தினால் போதும். இவை எதுவும் இல்லாமல் எப்போதும் ஒரே மாதிரி மெலிதாக வந்தால், தண்ணீர் நிற்கும் இடத்துக்கும் ஷவருக்கும் இடையில் உயரம் போதாது. அதற்குத் தண்ணீர்த் தாங்கியைத்தான் தூக்கி வைக்க வேண்டும். இதையெல்லாம் கையை நீட்டிப் பார்த்தே சொல்லலாமே என்று நான் ஒருமுறை கேட்டேன். “கை பொய் சொல்லும் மல்லி. கைக்கு எல்லாத் தண்ணியும் நல்லாத்தான் இருக்கும். முதுகுக்குத்தான் தெரியும்” என்றார்.

அப்புத்தளையில் ஓய்வுபெற்ற தபால் அதிபர் ஒருவர் வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். குளித்துவிட்டு வந்த பாஸ், வால்வு ஒன்று பாதி மூடியிருக்கிறது என்று தெரிந்து வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். அங்கே வால்வுக்கு முன்னால் தபால் அதிபரின் மனைவி நின்றார். விரலை வாயில் வைத்துக் காட்டினார். “திறந்தா மனுசன் பத்து மணி வரைக்கும் வெளிய வரமாட்டார். சுடுதண்ணி கரண்ட் பில்ல யார் கட்டுறது?” என்று கிசுகிசுத்தார். பாஸ் கொஞ்சம் யோசித்தார். பிறகு முன்பக்கம் வந்து தபால் அதிபரிடம், “இந்த மலையில தண்ணி இவ்வளவுதான் சேர்” என்று மிகுந்த வருத்தத்தோடு சொன்னார். அந்த வீட்டில் எங்களுக்குக் கேக் கிடைத்தது.

இப்படிப்பட்ட பாஸ்தான் அன்று குடையோடு எனக்கு முன்னால் பேசாமல் போய்க்கொண்டிருந்தார்.

நாங்கள் விட்டுவிட்டு வந்தது ராமையா அண்ணனின் வீட்டை. அவர் தோட்டத்து ஃபெக்டரியில் தேயிலை காய வைக்கும் இடத்தில் வேலை பார்த்தவர். ஒரு காலையில் பாரிசவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. நாக்கு மட்டும் விழவில்லை. அது முன்பைவிட நன்றாக வேலை செய்வதாக அவருடைய மனைவி லெட்சுமி அக்கா சொன்னார். அதற்கடுத்த மழையில் அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே மலை விரிசல் விட்டது. எல்லோரையும் காலி செய்யச் சொல்லி, சரிவில் இந்தப் பக்கமாகப் புது வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். வரிசையாக வீடுகள். ஒவ்வொன்றிலும் உள்ளே ஒரு பாத்ரூம், அதில் ஒரு ஷவர். ராமையா அண்ணனின் வீடு வரிசையில் கடைசி, மேட்டில்.

லயத்தில் இருந்தபோது எல்லோரும் பீலியில்தான் குளித்தார்கள். மலையில் கசியும் தண்ணீரை ஒரு தகரத்தாலோ பைப்பாலோ இழுத்து, ஆள் உயரத்திலிருந்து விழவிட்டால் அதுதான் பீலி. வேலை முடிந்து அதன் கீழே போனால், நாள் முழுக்க ஒட்டிய தேயிலைத் தூசியை அது முதுகிலிருந்து உரித்து எடுத்துவிடும். இப்போது ராமையா அண்ணனால் பீலி இருக்கும் இடத்துக்கு இறங்க முடியாது. ஷவரில் தண்ணீர் சொட்டியது. ஆகவே லெட்சுமி அக்கா வாளியில் மொண்டு அவரைக் குளிப்பாட்டினார். கொஞ்ச காலம் பொறுத்துக்கொண்டார். பிறகு ஒரு நாள், தானாகக் குளிக்க முடியுமானால் குளிப்பேன், இல்லாவிட்டால் குளிக்கவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். நாங்கள் போனபோது அந்தப் பிடிவாதத்துக்கு இரண்டு கிழமைக்கு மேல் ஆகியிருந்தது.

“பாருங்க பாஸ், கொழந்தையைத் தேய்க்கிற மாதிரி தேய்க்கிறா” என்று எங்களிடம் முறையிட்டார் ராமையா அண்ணன். “காதுக்குப் பின்னாடி எல்லாம் தேய்க்கிறா. கல்யாணம் கட்டின காலத்துலகூட இவ அங்க பாத்ததில்ல.”

“அப்ப அங்க அழுக்கு இல்ல” என்றார் லெட்சுமி அக்கா.

அவர் சிரித்துக்கொண்டு சொன்னார். ஆனால் எங்களை வாசல் பக்கம் கூட்டிக்கொண்டு போனதும் சிரிப்பை நிறுத்திவிட்டார். “முதுகுல தோல் ரணமாகுது தம்பி. ஒரே பக்கமா சாஞ்சே கெடக்குறாரு. தொடைக்கவும் விடமாட்டேங்கிறாரு. ஆஸ்பத்திரியில, சுத்தமா வச்சிருக்கலன்னா புண்ணு உள்ள எறங்கிடும்னாங்க. நீங்க எப்படியாச்சும் அந்தத் தண்ணியக் கொஞ்சம் கொட்ட வையுங்க. மத்ததை அவரு பாத்துக்குவாரு.”

பாஸ் சாரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நெடுநேரம் ஆயிற்று. வெளியே வந்தபோது முகம் சரியில்லை. நேராக வந்து ராமையா அண்ணனுக்கு முன்னால் நின்றார்.

ராமையா அண்ணன் அவரை மேலும் கீழும் பார்த்தார். “பாஸ், திரும்புங்க” என்றார். பாஸ் திரும்பினார். “லெட்சுமி, வாளியில தண்ணி கொண்டா. மனுசன் முதுகுல சோப்பு அப்படியே இருக்கு.”

வேறு வழியில்லை. பாஸைக் கொல்லையில் நிறுத்தி வாளியால் ஊற்றினோம். “காதுக்குப் பின்னாடியும் ஊத்து தம்பி” என்று உள்ளேயிருந்து ராமையா அண்ணன் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றே வேலையைத் தொடங்கினோம். ஷவரின் முகத்தைக் கழற்றிக் கழுவினோம். அரை அங்குல பைப்பை எடுத்துவிட்டு முக்கால் அங்குலம் போட்டோம். பைப் வளைந்து வளைந்து போன இடங்களை நேராக்கினோம்; ஒவ்வொரு வளைவும் கொஞ்சம் வேகத்தைத் தின்னும். கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது. முன்பு சொட்டியது, இப்போது ஒழுகியது. பிறகு பாஸ், தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று பார்த்தார். அதற்கு ஒரு எளிய வழி உண்டு. பைப்பில் ஹோஸ் ஒன்றை மாட்டி, வாயைத் திறந்தபடியே சுவரோடு மேலே தூக்கிக்கொண்டு போக வேண்டும். எந்த உயரத்தில் தண்ணீர் நிற்கிறதோ, அதுதான் அந்தத் தண்ணீரின் முழு பலம். ஏணியில் நான் ஏறினேன். கூரைத் தகரத்தின் விளிம்புக்கு வந்ததும் நூல்போல் மெலிந்து நின்றுவிட்டது.

“மேல இருக்கிற தாங்கியில இருந்து நேரா வர்ற தண்ணி. கூரைக்கு மேல ஒரு ஆள் உயரம் அடிக்கணும்” என்றார் பாஸ். “வழியில யாரோ குடிக்கிறாங்க.”

வரிசை நெடுகப் போய்ப் பார்த்தோம். யாரும் குடிக்கவில்லை. எல்லா வீட்டு வாசலிலும் குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் போஞ்சிச் செடிப் பாத்திக்குள் போய், அங்கிருந்து வடிகால் கானுக்குப் போய், கானிலிருந்து பள்ளத்துக்குப் போனது. முதல் வீட்டு சரோஜா அக்காவிடம் பாஸ் மரியாதையாகக் கேட்டார், குழாயை மூடினால் என்ன என்று.

“மூடக் கூடாதுங்க பாஸ். மூடினா மேல கழண்டுரும்.”

“மேல ஒண்ணும் கழலாது. அது பசை போட்ட பைப்.”

“அதெல்லாம் சொல்ல முடியாதுங்க.”

சரோஜா அக்கா சொன்னது எனக்குப் புரிந்தது. நானும் லயத்தில் வளர்ந்தவன். அங்கே ஊற்றிலிருந்து வீடு வரை ஹோஸ்தான் வரும். கீழே அடைத்தால் மேலே எங்காவது ஒரு மூட்டு கழன்றுகொள்ளும். யாராவது அட்டைக் கடியோடு காட்டுக்குள் ஏறிப் போய் மாட்ட வேண்டும். ஆகவே அடைப்பதில்லை. இரவும் பகலும் ஓடும். அந்தப் பழக்கம் புது வீட்டுக் குழாய்க்கும் வந்திருந்தது. திருகி மூடலாம் என்பதற்காகவே ஒருவர் அதைச் செய்திருக்கிறார் என்பது வேறு விஷயம்.

பாஸ் கெஞ்சிக் கேட்டதால் எல்லோரும் மூடினார்கள். மேலேயிருந்து ராமையா அண்ணனின் குரல் கேட்டது: “வருது, வருது, அடிக்குது பாஸ்.” நாங்கள் ஓட்டமும் நடையுமாக ஏறினோம். வாசலுக்குப் போனபோது, “போயிருச்சு” என்றார். திரும்பிப் பார்த்தால், சரோஜா அக்கா வீட்டுப் பாத்தியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் தலை மறையும் வரைதான் அவருக்குப் பொறுமை இருந்திருக்கிறது.

அதன் பிறகுதான் பாஸ் தன் கடைசி வழியைச் சொன்னார். வீட்டுக்குப் பின்னால் மண் திட்டு ஒன்று கூரையைவிட உயரமாக இருந்தது. அதை வெட்டிச் சமமாக்கி, அதன் மேல் ஒரு பெரிய தாங்கியை வைத்து, மேலேயே பிரதான பைப்பைப் பிரித்து அதற்குத் தனி பைப் கொடுத்தால், ஷவர் பீலிபோல் கொட்டும். அவர் சொன்னது சரி. எந்தப் பைப் பாஸும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

“வேணாம்” என்றார் லெட்சுமி அக்கா.

பாஸ் அவருக்குக் கேட்கவில்லை என்று நினைத்து மறுபடியும் முதலிலிருந்து சொன்னார்.

“கேட்டுச்சுங்க பாஸ். மேல தண்ணிய நிறுத்த வேணாம். திட்டையும் வெட்ட வேணாம்.”

“சீமெந்து போட்டுத்தான் வைப்பேன். நூறு வருசம் நிக்கும்.”

“அந்த மலையும் நூறு வருசமா நின்னுச்சுங்க.”

எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருக்கும் ராமையா அண்ணன் அப்போது முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தத் திட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பாஸ் சாரத்தையும் சோப்பையும் பைக்குள் திணித்தார். “அப்ப என்னால முடியாது” என்றார். நாங்கள் இறங்கினோம்.

பாதி வழியில் ஒரு தேநீர்க் கடை இருந்தது. பாஸ் கோபமாக இருந்தாலும் பிளேன்டீ குடிப்பார். வாசலில் போட்டிருந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்தோம்.

“என் ஊர்ல தண்ணிய நிறுத்தி வைக்கிறவன்தான் கெட்டிக்காரன்” என்றார் பாஸ், கடைசியில். அவர் ஊர் வெலிமடைப் பக்கம், வயல் உள்ளவர்கள். “தண்ணி ஓடிப் போயிட்டா வயல் போச்சு. இங்க எல்லாரும் ஓட விட்டுட்டு, எனக்கிட்ட வந்து ஷவர் வரல்லன்னு சொல்றாங்க.”

“பாஸ், உங்க ஊர்ல தண்ணி வயலுக்குள்ள நிக்கும். இங்க ஆளுக்கு மேல நிக்கும்” என்றேன். “மழை பெஞ்சா லயத்துல யாரும் தூங்கமாட்டாங்க. மேல எங்க தண்ணி தேங்குது, கான் எங்க அடைச்சிருக்குன்னு மம்பட்டியத் தூக்கிக்கிட்டு ஓடுவாங்க. எங்க அம்மாவும் ஓடியிருக்கா. ஓடுற தண்ணிக்கு இவங்க பயப்படமாட்டாங்க. நிக்கிற தண்ணிக்குத்தான்.”

 பாஸ் தேநீரை ஆற்றிக்கொண்டே கடையின் பக்கவாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கடைக்கும், எங்கள் பக்கத்து எல்லாத் தேநீர்க் கடைகளுக்கும் இருப்பதுபோல, கப் கழுவுவதற்கு ஒரு நீலப் பிளாஸ்டிக் பீப்பாய், எங்கள் பேச்சில் பெரல், இருந்தது. மலையிலிருந்து வந்த ஹோஸ் அதற்குள் விழுந்துகொண்டிருந்தது. நிரம்பிய பெரல் விளிம்பால் வழிந்து கானுக்குள் போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் அதில் நிற்கவும் நின்றது, ஓடவும் ஓடியது.

“முதலாளி, அந்தப் பெரல் எவ்வளவு உயரம்?” என்று கேட்டார் பாஸ்.

“அது விக்கிறதுக்கு இல்ல” என்றார் கடைக்காரர்.

“விலை கேக்கல்ல. உயரம் கேட்டேன்.”

“உயரமும் விக்கிறதுக்கு இல்ல.”

பாஸ் எழுந்துபோய்த் தன் இடுப்போடு வைத்து அளந்துகொண்டார். மீதித் தூரத்தில் குடை என் தலைக்கும் கொஞ்சம் வந்ததுபோல் எனக்குத் தோன்றியது. காற்று மாறியதாலும் இருக்கலாம்.

மறுநாள் பண்டாரவளையில் ஒரு பெரல் வாங்கி, கல்லும் சீமெந்தும் ஏற்றிக்கொண்டு மறுபடியும் மேலே போனோம். இந்தத் தடவை பாஸ் எதையும் எடுப்பதற்கு முன்னால் லெட்சுமி அக்காவைக் கூப்பிட்டு வீட்டின் கீழ்ப் பக்கத்தைக் காட்டினார். வீட்டுக்கு மேலே எதுவும் இல்லை. மண் வெட்டு இல்லை. கீழ்ப் பக்கச் சுவரை ஒட்டிக் கல் தூண். அதன் மேல் பெரல், வாய் கூரை விளிம்புக்குக் கீழே. நூல்போல் வரும் தண்ணீர் இரவும் பகலும் அதில் விழும். நிரம்பினால் மேலே ஒரு பைப் வழியாகப் போஞ்சிப் பாத்திக்கு ஓடிவிடும். எந்தக் குழாயையும் யாரும் மூட வேண்டியதில்லை.

தூண் எழும்பும்வரை லெட்சுமி அக்கா பக்கத்திலேயே நின்றார். கையால் தள்ளிப் பார்த்தார். சுற்றி வந்து பார்த்தார்.

“விழுந்தா எந்தப் பக்கம் விழும்?”

“கீழ்ப் பக்கம்” என்றார் பாஸ்.

“அங்க யாரு இருக்கா?”

“போஞ்சி.”

“அப்பச் சரி.”

உள்ளே வேறொரு வழக்கு நடந்தது. பெரல் அவ்வளவு உயரத்தில்தான் இருக்க முடியும் என்பதால், ஷவரைக் கீழே இறக்க வேண்டும் என்றார் பாஸ். உட்கார்ந்து குளித்தால் தண்ணீர் வேகமாக விழும். ராமையா அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. “பீலியில நின்னு குளிச்ச ஆள் நான். என்னைய உக்கார வைக்கப் பாக்குறீங்களா?”

“பீலியில நீங்க எப்ப நின்னீங்க?” என்றார் அடுப்படியிலிருந்து லெட்சுமி அக்கா. “கீழ கெடந்த கல்லுல குந்திக்கிட்டு எந்திரிக்கவே மாட்டீங்க. பின்னால லைன்ல நின்ன ஆளுங்க எல்லாம் உங்களைத் திட்டினது எனக்குத்தானே தெரியும்.”

அவர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். “சரி, இறக்குங்க” என்றார்.

பெரலிலிருந்து ஒரு அங்குல பைப்பை ஒரே ஒரு வளைவோடு சுவருக்குள் கொண்டுவந்தோம். மீதிக் கல்லால் ஒரு திண்டு கட்டினோம். இரும்புப் பைப் துண்டொன்றை அவருடைய இடது கைப் பக்கம் சுவரில் பதித்தோம், பிடித்து எழும்புவதற்கு. சீமெந்து காயச் சில நாள் விட்டுத்தான் தண்ணீரைத் திறந்தோம். பெரலில் கொஞ்சம் தண்ணீர் சேர்ந்ததும், ஷவர் முகத்தை மாட்டித் திறந்து பார்த்தேன். தூவானம்தான் வந்தது. முகத்தைக் கழற்றி உள்ளே ஏதாவது அடைத்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெற்றுப் பைப்பிலிருந்து தண்ணீர் ஒரு கயிறுபோல் திண்டின் மேல் விழுந்தது. கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்த ராமையா அண்ணன், “தம்பி, கையில இருக்கிற அந்தப் பூவைத் தூர வீசு” என்றார். “எனக்கு இதுதான் வேணும்.”

பெரல் நிரம்ப வேண்டியிருந்ததால் அன்று அங்கேயே தங்கினோம். மறுநாள் காலையில் போஞ்சிப் பாத்தியில் தண்ணீர் ஓடியது. வேலை முடிந்ததும் ஒருமுறை குளித்துப் பார்ப்பது பாஸின் வழக்கம்; சாரமும் சோப்புமாக வந்தார்.

“இன்னைக்கு நீங்க வெளிய நில்லுங்க பாஸ்” என்றார் ராமையா அண்ணன்.

பாஸ் சோப்பை அவரிடம் கொடுத்தார். எனக்குத் தெரிந்து அவர் குளிக்காமல் முடித்த வேலை அது ஒன்றுதான்.

கதவு சாத்தப்பட்டது. உள்ளே இரும்புப் பைப்பில் கை உரசும் சத்தம் கேட்டது. பிறகு கொஞ்ச நேரம் எந்தச் சத்தமும் இல்லை. லெட்சுமி அக்கா துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கதவுக்கு முன்னால் நின்றார். அதை மடித்தார். பிரித்தார். திரும்பவும் மடித்தார். தண்ணீர் விழத் தொடங்கியது. முதலில் வெறும் சீமெந்தில் விழும் சத்தம். பிறகு சத்தம் மாறி, தடித்துக் கேட்டது. ஆள் மேல் விழுகிறது.

“லெட்சுமி” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அக்கா கதவில் கை வைத்துவிட்டார். “என்னங்க?”

“ஒண்ணுமில்ல. நிக்கிறியான்னு பாத்தேன்.”

“நிக்கிறேன்.”

“ஏன் நிக்கிற? போயி வேலையைப் பாரு.”

அக்கா போகவில்லை. பெரல் காலியாகும்வரை தண்ணீர் விழுந்தது. பிறகு சாரம் கட்ட அவருக்கு நிறைய நேரம் எடுத்தது. அதற்குள் பாஸ் இரண்டு தடவை தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அது ஓடுவதில்லை. கடைசியில் கதவு திறந்தது. ராமையா அண்ணன் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதுகு சிவந்திருந்தது. காதுக்குப் பின்னால் சோப்பு நுரை அப்படியே இருந்தது. லெட்சுமி அக்கா அதைப் பார்த்தார். துண்டை மட்டும் கொடுத்தார்.

அன்று பகலுக்குள் சரோஜா அக்கா உட்பட வரிசையில் பாதிப் பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். தங்களுக்கும் ஒரு பெரல் வேண்டும், ஆனால் குழாயை மூடச் சொல்லக் கூடாது என்றார்கள். பாஸ் சாமான் எடுக்கப் பண்டாரவளைக்கு இறங்கினார். தான் திரும்பி வரும்வரை என்னை இருக்கச் சொன்னார். எனக்கு அப்படி ஓர் இடத்தில் காத்திருப்பது பழக்கமில்லை. விடிந்ததும் எங்காவது போய்விடலாம் என்றுதான் நினைத்துப் படுத்தேன்.

மறுநாள் காலையில் பையை எடுத்தபோது ராமையா அண்ணன் கூப்பிட்டார்.

“தம்பி, தச்சு வேலை தெரியுமா?”

“தெரியாதுங்க.”

“பரவாயில்ல. இந்தக் கதவைப் பாரு.”

பாத்ரூம் கதவைப் பார்த்தேன். அவரைக் குளிப்பாட்டிய நாட்களில் காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க, லெட்சுமி அக்கா வெளிப்பக்கம் ஒரு கொக்கி மாட்டியிருந்தார். உள்ளே ஒன்றும் இல்லை. ராமையா அண்ணன் மடியிலிருந்து ஒரு சின்னத் தாழ்ப்பாளை எடுத்து நீட்டினார். பக்கத்து வீட்டில் சொல்லி வாங்கி வைத்திருந்தார்.

“உள்ளுக்குப் போடு.”

கொழுந்து பறிக்கப் போவதற்குக் கூடையை எடுத்த லெட்சுமி அக்கா, அதைக் கீழே வைத்துவிட்டார். “உள்ள விழுந்தீங்கன்னா நான் எப்படி வர்றது?”

“விழுந்தாக் கத்துவேன். கத்துறதுக்கு எனக்குச் சொல்லித் தரணுமா?”

“கத்தினா? கதவு பூட்டியில்ல இருக்கும்.”

“உடை. அந்தக் கதவை உடைக்க முடியாத ஆளா நீ?”

அக்கா அவரைப் பார்த்தார். என் கையிலிருந்த தாழ்ப்பாளைப் பார்த்தார். பெரட்டுக்கு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, நேரமாகிக்கொண்டிருந்தது; போகாவிட்டால் அன்றைய பேர் விழாது, சம்பளமும் இல்லை. நான் வழக்கமாக ஆட்கள் பூட்டுப் போடும் உயரத்தில் தாழ்ப்பாளை வைத்து, துளைபோடும் இடத்தைப் பென்சிலால் குறிக்கப் போனேன்.

“அங்க இல்ல தம்பி” என்றார் அக்கா.

கிட்டே வந்து, கதவில் இடது கைப் பக்கமாக, என் இடுப்பு உயரத்தில் ஓர் இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார்.

“இங்க போடு. அவரு கை இவ்வளவுதான் எட்டும்.”

பையைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே போட்டேன்.